கூண்டில் எலி விழுந்துகொண்டே இருக்கிறது, வீட்டில் எலி குறையவில்லை: என்ன செய்வது?

வாசற்படி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சமையலறையில் எலித் தொல்லை தொடங்கி ஏழு வாரங்கள் ஆகிவிட்டன. இதுவரை கூண்டில் 11 எலிகள் விழுந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் காலையில் எடுத்துச் சென்று, வீட்டிலிருந்து சற்றுத் தள்ளி உள்ள வெற்றிடத்தில் திறந்துவிட்டு வந்தேன். ஒன்று பிடிபட்டதும் மூன்று நான்கு நாட்களுக்கு எந்தச் சத்தமும் இருப்பதில்லை. இத்துடன் தீர்ந்தது என்று நினைக்கும்போதே அடுப்பு மேடைக்குக் கீழே மீண்டும் புழுக்கை கிடக்கிறது, மாவுப் பொட்டலத்தின் மூலை கடிபட்டிருக்கிறது. சென்ற வாரம் குளிர்பதனப் பெட்டிக்குப் பின்னால் மின்கம்பியின் மேலுறையைக் கடித்திருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சரியான உறக்கம் இல்லை.

வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது, என் மனைவி ஆறு மாதக் கர்ப்பிணி. எலி மருந்து வைத்தால் ஒரே வாரத்தில் முடிந்துவிடும் என்று உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். எனக்கு அதில் அச்சம் இருக்கிறது. பட்டறிவு உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நிலைக்கதவு:

மருந்தைப் பற்றி முடிவெடுக்கும் முன், வந்திருப்பது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நான் பதினாறு ஆண்டுகள் வீடுகளிலும் கிடங்குகளிலும் எலிக் கட்டுப்பாட்டு வேலை செய்தவன். சுண்டெலிக்கான சிறிய பொறியைப் பெருச்சாளிக்கு வைத்துவிட்டுப் பொறி சரியில்லை என்று வருந்தியவர்களையும், பல்லியின் எச்சத்தைப் பார்த்து எலி மருந்து வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சுண்டெலியின் புழுக்கை 3 முதல் 6 மில்லிமீட்டர் வரை நீளமாக, இரு முனையும் கூராக இருக்கும். பெரிய எலியின் புழுக்கை பொதுவாக 12 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். பல்லியின் எச்சத்தில் ஒரு முனையில் வெள்ளைப் புள்ளி இருப்பதால் அதை எளிதாக விலக்கிவிடலாம். கூண்டில் விழுந்தவை எப்படி இருந்தன, புழுக்கை எவ்வளவு நீளம் என்று பார்த்து எழுதுங்கள்.

அகல்விளக்கு:

நிலைக்கதவு ஐயா கூறுவது மிகச் சரி. எங்கள் வீட்டில் இரவில் கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரம் ஓடியதை நாங்கள் பல நாட்கள் சுண்டெலி என்றே எண்ணியிருந்தோம். அது மூஞ்சூறு. மூக்கு நீண்டு, கண் மிகச் சிறியதாக, கடுமையான நாற்றத்துடன் இருந்தது. மூஞ்சூறு கொறிக்கும் விலங்கினத்தைச் சேர்ந்ததே அன்று. கரப்பான் முதலான பூச்சிகளே அதன் முதன்மையான உணவு. வீட்டில் கரப்பானை ஒழித்து, குளியலறைக் கழிவுநீர்த் துளைக்குக் கம்பிவலை இட்டதும் அது தானாக வருவதை நிறுத்திக்கொண்டது.

வாசற்படி:

இருவருக்கும் நன்றி. அளவுகோல் வைத்துப் பார்த்தேன். 5 மில்லிமீட்டர், முனைகள் கூராக உள்ளன. கூண்டில் விழுந்தவை அனைத்தும் என் கட்டைவிரலைவிடச் சற்றுப் பெரியவை, காது பெரிது, வால் உடல் அளவுக்கு நீளம். அவற்றுள் கடைசி நான்கு மிகச் சிறியவை.

நிலைக்கதவு:

அப்படியானால் ஐயமில்லை, சுண்டெலிதான். கடைசி நான்கும் சிறியவை என்று நீங்கள் எழுதியிருப்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவை வெளியிலிருந்து வந்தவை அல்ல, உங்கள் வீட்டுக்குள்ளேயே பிறந்தவையாக இருக்கக்கூடும். சுண்டெலியின் கருக்காலம் 19 முதல் 21 நாட்கள்தான்; ஒரு ஈற்றில் ஐந்து முதல் எட்டுக் குட்டிகள் வரை போடும்; அந்தக் குட்டிகள் ஏறத்தாழ ஆறு வாரங்களில் தாமே இனப்பெருக்கம் செய்யத் தொடங்கிவிடும். ஏழு வாரங்களில் ஒற்றைக் கூண்டை வைத்து 11 எலிகளைப் பிடித்திருக்கிறீர்கள் என்றால், அவை பிறக்கும் வேகத்துக்கு நீங்கள் பிடிக்கும் வேகம் ஈடாகியிருக்கிறது, அவ்வளவுதான். அருகிலேயே திறந்துவிட்டவற்றில் சில திரும்பி வந்திருக்கவும் கூடும்.

எனவே இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்ய வேண்டும்: வெளியிலிருந்து உள்ளே வரும் வழியை அடைப்பது, உள்ளே இருப்பவற்றை ஒரே வீச்சில் பிடிப்பது. ஒன்றை மட்டும் செய்தவர்கள் எவரும் என் பட்டறிவில் நிம்மதி அடைந்ததில்லை.

வழியைக் கண்டுபிடிப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும். ஒரு பென்சில் நுழையும் சந்து என்றால் அதன் மண்டை ஓடும் நுழைந்துவிடும், மண்டை நுழைந்தால் உடல் பின்னாலேயே வந்துவிடும். நாம் எலி வளை என்று கைம்முட்டி அளவுக்குத் தேடுகிறோம். அதுவோ கழுவுதொட்டியின் கழிவுக்குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில், குழாயைச் சுற்றிப் பூச்சு உதிர்ந்த வளையத்தின் வழியாக வந்துபோகிறது. எனவே முதலில் குழாய்களைப் பாருங்கள்: தண்ணீர்க் குழாய், கழிவுக்குழாய், எரிவாயுக் குழாய், குளிரூட்டியின் செம்புக் குழாய், இணைய இணைப்புக்காகத் துளைத்த கம்பித் துளை. அடுத்து கதவின் அடிப்பகுதி. இரவில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒருவர் கைவிளக்கை அடித்தால் எங்கெங்கு ஒளி கசிகிறதோ அங்கெல்லாம் வழி இருக்கிறது. பிறகு புகைபோக்கி விசிறியின் துளை, மரச்சட்டம் சுவரோடு சேரும் மூலை, அலமாரிகளின் பின்பலகை.

சுண்டெலிக்குக் கண்பார்வை கூர்மையன்று. மீசையாலும் உடலாலும் சுவரைத் தொட்டுக்கொண்டே ஓடும் இயல்புடையது. அதனால் அது நாள்தோறும் செல்லும் பாதையில் சுவரின் அடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற கருப்புக் கறை படியும். கறை தெரியவில்லை என்றால், படுக்கப் போகுமுன் சந்தேகப்படும் இடங்களில் சுண்ணக்கட்டிப் பொடியை மெல்லியதாகத் தூவிவிட்டு, காலையில் காலடித் தடம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். குழந்தை எழுவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

அடைப்பதற்கு எதைப் பயன்படுத்துகிறோம் என்பதும் முக்கியம். துணி, அட்டை, ஞெகிழி, மரத்துண்டு, விரிந்து நிரம்பும் நுரை ஆகியவை தனியாக நிற்காது. பல் ஓயாமல் வளரும் விலங்குக்கு அவை பொருட்டே அல்ல. துருப்பிடிக்காத கம்பி நாரைத் துளைக்குள் இறுக்கமாகத் திணித்து, அதன் மேல் சிமெண்டுக் கலவையைப் பூசுங்கள். பெரிய திறப்புகளுக்கு 6 மில்லிமீட்டருக்கும் குறைவான கண் உள்ள உலோக வலை வேண்டும். கதவின் அடியில் உலோகப் பட்டையுடன் கூடிய தடுப்பைப் பொருத்துங்கள். வெளிச்சுவரில் உள்ளவற்றை உடனே அடைக்கலாம். வீட்டுக்குள் அலமாரிக்கும் சுவருக்கும் இடையே உள்ள பொந்துகளை, பொறிகள் தொடர்ந்து ஒரு வாரமேனும் காலியாக இருந்த பிறகே அடையுங்கள். இல்லாவிட்டால் எலி உள்ளே சிக்கி இறந்து, நாற்றம் பல நாட்கள் நிற்கும்.

துலாக்கோல்:

நிலைக்கதவு அவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆயினும் எல்லோரிடமும் இத்தனை நேரம் இருப்பதில்லை. எலி மின்கம்பியைக் கடித்துத் தீப்பற்றினால் யார் பொறுப்பு? நான் கட்டி மருந்தை அலமாரியின் பின்னால் வைத்தேன், பத்து நாட்களில் எலி ஒழிந்தது. எச்சரிக்கையாக வைத்தால் மருந்தில் என்ன தவறு இருக்கிறது என்பதையும் யாரேனும் விளக்க வேண்டும்.

வெண்சீருடை:

நான் மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றுகிறேன். துலாக்கோல் அவர்களின் கேள்விக்கு விடையளிப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

எலி மருந்து என்ற ஒரே பெயரில் மூன்று வேறுபட்ட நஞ்சுகள் புழங்குகின்றன. நீங்கள் குறிப்பிடும் கட்டி மருந்து பெரும்பாலும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தது. இந்த வகையின் முதல் மருந்தான வார்ஃபரின் 1948-இல் எலிக்கொல்லியாக வந்தது. பின்னர் 1954-இல் அதே பொருள் மனிதருக்கு இரத்தக்கட்டைத் தடுக்கும் மாத்திரையாகவும் ஏற்கப்பட்டது. எலிகள் அதற்குப் பழகிப்போனதால், புரோடிஃபாகம், புரோமடியோலோன் போன்ற பன்மடங்கு வீரியமுள்ளவற்றைப் பின்னர் உருவாக்கினார்கள். இவை உடலில் வைட்டமின் கே மீண்டும் பயன்படுவதைத் தடுத்து, சில நாட்களில் உள்ளே இரத்தக் கசிவை உண்டாக்கிக் கொல்கின்றன. அந்தச் சில நாட்களில் எலி தன் பொந்துக்குத் திரும்பிவிடும். எங்கே இறக்கிறது என்பது நம் கையில் இல்லை. நஞ்சுண்டு தள்ளாடும் எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் அதே நஞ்சுக்கு இரையாகின்றன.

இந்த வகைக்கு மாற்று மருந்தாக வைட்டமின் கே1 இருக்கிறது. துத்தநாக பாஸ்பைடுக்கு அப்படி ஒன்று இல்லை; அது இரைப்பையில் அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வளியை வெளியிடும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை எல்லாவற்றிலும் கொடியது. அதை உட்கொண்டவர் முதல் ஓரிரு நாட்கள் நலமாக இருப்பதுபோலவே தோன்றுவார், அதற்குள் கல்லீரல் அழியத் தொடங்கியிருக்கும். ஒன்றும் ஆகவில்லை என்று வீட்டிலேயே காத்திருந்து, பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த பெற்றோரின் முகங்களை என்னால் மறக்க முடியவில்லை. தவழும் அல்லது நடக்கப் பழகும் குழந்தை உள்ள வீட்டில் நஞ்சைத் திறந்து வைக்கவே கூடாது. யாரேனும் உட்கொண்டுவிட்டால், அறிகுறிக்காகக் காத்திராமல், வாந்தி எடுக்கவைக்க முயலாமல், மருந்தின் உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

துலாக்கோல்:

விளக்கத்துக்கு நன்றி, சகோதரி. மஞ்சள் பாஸ்பரஸ் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. எங்கள் வீட்டில் குழந்தைகள் இல்லை, எனவே என் முடிவை வாசற்படி அவர்களுக்கு அப்படியே பொருத்திப் பேசியது சரியன்று. மருந்து வைத்த அடுத்த மாதம் படுக்கையறைச் சுவருக்குள்ளிருந்து நாற்றம் வந்து, மூன்று வாரம் அந்த அறையைப் பூட்டி வைத்திருந்தோம் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மணல்கடிகை:

மீயொலிக் கருவி ஒன்றை மின்செருகியில் பொருத்தினால் எலி ஓடிவிடும் என்கிறார்களே, அது பயனுள்ளதா? புதினா எண்ணெயும் அந்துருண்டையும் பலருக்குப் பலித்ததாகக் கேள்விப்படுகிறேன்.

நிலைக்கதவு:

கருவியின் மீயொலி சுவரையோ அலமாரியையோ கடந்து செல்லாது, எலியும் சில நாட்களில் அந்த ஒலிக்குப் பழகிவிடும். அமெரிக்க வணிக ஆணையம் 2001-இல் இத்தகைய கருவிகளைச் செய்வோருக்கும் விற்போருக்கும், 60-க்கும் மேற்பட்டவர்களுக்கு, சான்று இல்லாமல் பயன் கூறி விளம்பரம் செய்யக்கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. புதினா எண்ணெயின் மணம் விரைவில் ஆவியாகிவிடும். பசித்த எலி அதைத் தாண்டிச் செல்வதை நானே பார்த்திருக்கிறேன். அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் எலிக்கு முன்னால் குழந்தைக்குக் கேடு செய்யும். இம்மூன்றிலும் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

நுரைப்பூ:

நான் ஒருமுறை பசைத்தாள் வைத்துவிட்டு, இரவு முழுதும் அதில் ஒட்டிக்கொண்டு கத்திய எலியின் குரலைக் கேட்டேன். காலையில் அதை என்ன செய்வது என்று தெரியாமல் அழுதேன். அதன் பிறகு அதைத் தொட்டதே இல்லை. நியூசிலாந்திலும் இங்கிலாந்திலும் பொதுமக்கள் பசைப்பொறியைப் பயன்படுத்த இப்போது தடை இருக்கிறது. எலியை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அது பல மணி நேரம் துடித்துச் சாக வேண்டியதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

நிலைக்கதவு:

முழுமையாக உடன்படுகிறேன். தவிர, பசைத்தாள் தூசி படிந்தாலோ ஈரம் பட்டாலோ ஒட்டாது. நொடியில் கொல்லும் விசைப்பொறியே இரக்கமுள்ளது என்பது என் கருத்து. உயிருடன் பிடிக்கும் கூண்டை விரும்புவோர் அதைக் காலையிலும் மாலையிலும் தவறாமல் பார்க்க வேண்டும். சிறிய உடல் விரைவில் சூட்டை இழப்பதால் கூண்டுக்குள் ஓரிரவு கிடந்த எலி இறந்துவிடுவதும் உண்டு.

பொறி வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். பெரிய எலி புதிய பொருளைக் கண்டால் பல நாட்கள் விலகி நடக்கும். சுண்டெலி அப்படியன்று, புதியதை நெருங்கி முகர்ந்து பார்க்கும். அதனால் முதல் இரவுகளிலேயே அதிகம் விழும். ஒன்றிரண்டு வைத்துக் காத்திருக்காமல், எட்டுப் பத்துப் பொறிகளை ஒரே இரவில் வையுங்கள். சுண்டெலி தன் கூட்டிலிருந்து பெரும்பாலும் 10 மீட்டருக்குள்ளேயே சுற்றுவதால், புழுக்கை கிடக்கும் சுவரோரமாக இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்று என்று வைத்தால் ஏதேனும் ஒன்று அதன் பாதையில் அமைந்துவிடும். பொறி சுவருக்குச் செங்குத்தாக, இரை வைக்கும் தட்டு சுவரைத் தொடும்படி இருக்க வேண்டும். வறுத்த நிலக்கடலையை மசித்து, பட்டாணி அளவுக்கு மேல் போகாமல் தட்டில் அழுத்தி ஒட்டுங்கள்; அதிகமாக வைத்தால் ஓரத்தை நக்கிவிட்டுப் போய்விடும். கூடு கட்டும் பருவத்தில் ஒரு துண்டு பருத்தி நூலைத் தட்டில் கட்டினாலும் இழுக்க வரும். குழந்தை இருப்பதால், பொறிகளைக் குளிர்பதனப் பெட்டியின் பின்னும், பூட்டிய அலமாரிக்குள்ளும், இருபுறமும் துளையிட்ட மூடிய பெட்டிக்குள்ளும் மட்டுமே வையுங்கள்.

அகல்விளக்கு:

பூனை வளர்த்தால் போதாதா என்று பலரும் கேட்பார்கள். எங்களிடம் இரண்டு பூனைகள் இருக்கின்றன. அவை பிடிக்கும், ஆனால் சுவருக்குள் இருப்பவற்றை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. இரவில் பூனைக்கு வைத்த உணவின் மிச்சத்தைத் தின்னவே எங்கள் வீட்டுக்கு எலி வந்தது.

வெண்சீருடை:

எலி தின்னும் பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணி உள்ள வீட்டில் எலிக்காக மட்டும் புதிதாகப் பூனை கொண்டுவருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாசற்படி அவர்களுக்கு இன்னொன்றும் கூற வேண்டும். துப்புரவு வேலையைத் தங்கள் மனைவி செய்ய வேண்டாம். சுண்டெலிகள் சிலவற்றின் சிறுநீரிலும் புழுக்கையிலும் காணப்படும் எல்சிஎம் என்னும் வைரசு கருவிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடியது. புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கவோ தூசியுறிஞ்சியால் உறிஞ்சவோ கூடாது. அப்போது தூசி எழும்பி மூச்சில் கலக்கும். சன்னல்களை அரை மணி நேரம் திறந்து வைத்து, கையுறை அணிந்து, ஒரு பங்கு வெளுப்புக் கரைசலுக்கு (பிளீச்) ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அதன் மேல் நன்றாகத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறிய பின் காகிதத்தால் துடைத்து, பையில் கட்டி எறியுங்கள். அந்தக் கரைசலை வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தோடும் கலக்காதீர்கள். இறந்த எலியையும் பொறியையும் இப்படியே நனைத்த பிறகே தொடுங்கள். எலி கடித்த பொட்டலத்தில் மிச்சமிருக்கும் மாவைச் சலித்துப் பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம், எறிந்துவிடுங்கள்.

வாசற்படி:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

முதல் இரவிலேயே சுண்ணப் பொடியில் தடம் தெளிவாகத் தெரிந்தது. அது நான் ஏழு வாரமாகக் கூண்டு வைத்திருந்த மூலைக்கு எதிர்ப்புறத்தில், கழுவுதொட்டியின் கீழ் அலமாரிக்குள் சென்றது. பின்பலகையைக் கழற்றிப் பார்த்தபோது, கழிவுக்குழாயைச் சுற்றி என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. அதன் விளிம்பு முழுவதும் கருப்புக் கறை. அலமாரியின் அடித்தட்டுக்குக் கீழே, கிழித்த காகிதத்தாலும் குழந்தையின் பழைய துணி நூலாலும் கட்டிய கூடு இருந்தது. குளிரூட்டிக் குழாயின் துளையும் திறந்தே இருந்தது. இரண்டையும் வெளிப்புறத்திலிருந்து கம்பி நாரும் சிமெண்டும் கொண்டு அடைத்தேன்.

பத்துப் பொறிகள் வைத்தேன். முதல் இரவில் ஐந்து, இரண்டாம் இரவில் இரண்டு, பிறகு ஆறு நாட்களில் ஒன்று. அதற்குப் பின் 23 நாட்களாக ஒன்றும் இல்லை, புழுக்கையும் இல்லை. மாவு, தானியம் எல்லாவற்றையும் கண்ணாடிப் புட்டிகளுக்கும் உலோக டப்பாக்களுக்கும் மாற்றிவிட்டோம். கடிபட்ட மின்கம்பியை மின்பணியாளரைக் கொண்டு மாற்றினேன். துப்புரவு முழுவதையும் நானே செய்தேன். அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

ஒரு கேள்வி மீதம் இருக்கிறது. சுவரின் மறுபுறம் அண்டை வீட்டாரின் சமையலறை. அவர்களும் சில நாட்களாகச் சத்தம் கேட்பதாகக் கூறுகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பக்கத்துக் குழாய்த் துளையையும் சேர்ந்து அடைக்கலாம் என்று பேசியிருக்கிறோம். அடைத்துவிடலாமா?

நிலைக்கதவு:

இந்த ஞாயிறு வேண்டாம். அவர்கள் வீட்டிலும் முதலில் பொறிகளை வையுங்கள். இப்போது அடைத்தால், பொதுச் சுவருக்குள் இருப்பவை உங்கள் இருவரின் பக்கமும் புதிய வழி தேடிக் கொறிக்கும், அல்லது அங்கேயே சாகும். அவர்கள் பொறிகள் ஒரு வாரம் காலியாக இருந்த பிறகு, பொடி தூவித் தடம் இல்லை என்பதை இரண்டு இரவுகள் பார்த்துக்கொண்டு அடையுங்கள். அதுவரை உங்கள் கழுவுதொட்டியின் கீழே இரண்டு பொறிகள் அப்படியே இருக்கட்டும். சிமெண்டு காய்ந்து சுருங்கும்போது குழாயின் ஓரத்தில் மெல்லிய விரிசல் விடுவது வழக்கம் என்பதால், ஒரு மாதம் கழித்துப் பின்பலகையை மீண்டும் கழற்றி, கைவிளக்குடன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.